மேற்குக் கனடாவின் நாலு மாகாணங்களும் முதலீட்டுக்காகச் சேர்ந்து நிற்பது: நடைமுறையில் என்ன நடக்கிறது?

கல்கரி வடலி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் உறவுகளே.

ஒன்ராறியோவின்ர ஸ்காபரோ, பிராம்ப்டன் பக்கமிருந்து மேற்குக்குத் தொழிலைக் கொண்டுவர நினைக்கிற எங்கட ஆக்கள் கூடிக்கொண்டு வருகினம். அவையள் கேட்கிற முதல் கேள்வி எப்பவும் ஒண்டுதான்: "அல்பேர்ட்டாவில பதியிறது நல்லதோ, பி.சி.யில (பிரிட்டிஷ் கொலம்பியா) பதியிறது நல்லதோ?" இந்த மாகாணங்கள் தங்களுக்குள்ள ஒரு உடன்படிக்கை போட்டு, ஒரே சந்தையா நிற்கப் பார்க்கிற விசயம் கனபேருக்குத் தெரியாது. அதைப்பற்றி விபரமாக் கதைப்பம் எண்டுதான் இந்த இழை.

முதலில வரலாறு. 2006 ஏப்ரலில பி.சி. முதல்வர் கோர்டன் காம்பெல்லும் அல்பேர்ட்டா முதல்வர் ரால்ஃப் கிளைனும் வணிகம், முதலீடு, தொழிலாளர் நடமாட்டம் மூண்டையும் சேர்த்து ஒரு ஒப்பந்தம் செய்தினம். டில்மா எண்டு சொல்லுவினம். 2007 ஏப்ரல் 1 நடைமுறைக்கு வந்தது. 2010இல சஸ்காச்சுவானும் சேர, அது நியூ வெஸ்ட் பார்ட்னர்ஷிப் (கூட்டாண்மை) எண்ட பேரில விரிஞ்சுது. 2017 ஜனவரி 1 மனிற்றோபாவும் உள்ளுக்கு வந்தது. 2021 குடிசன மதிப்பின்படி நாலு மாகாணத்திலயும் சேர்த்து 1 கோடியே 17 லட்சம் பேர் இருக்கினம்.

இதால ஒரு தொழில்காரருக்கு என்ன கிடைக்குது? அல்பேர்ட்டாவில கூட்டிணைச்ச (சட்டப்படி நிறுவின) கம்பனி பி.சி.யிலயும் வேலை செய்யப்போனால் அங்க திரும்பப் பதிவுக் கட்டணம் கட்டத் தேவையில்லை. ஒரு மாகாணத்தில அனுமதி பெற்ற தொழில்வினைஞருக்கு மற்ற மாகாணமும் கதவு திறக்கவேணும். மாகாண அமைச்சுகள் பொருள் வாங்கினால் 10,000 டொலரில இருந்தும், சேவை எண்டால் 75,000 டொலரில இருந்தும், கட்டுமானம் எண்டால் 100,000 டொலரில இருந்தும் நாலு மாகாணத்துக் கம்பனிகளுக்கும் கேள்விப்பத்திரம் பொதுவாத் திறந்திருக்கவேணும்.

ஆனா என்ர கண்ணுக்கு உடன்படிக்கையின்ர உயிர் வேற இடத்தில இருக்கு. ஒரு மாகாணத்தில இருக்கிற கம்பனியை மானியம் காட்டி மற்ற மாகாணம் இழுக்கக்கூடாது எண்டு ஒரு பிரிவு இருக்கு. "வாருங்கோ, காசு தாறம், அங்க பூட்டிப்போட்டு இங்க திறவுங்கோ" எண்டு சொல்லத் தடை. வெளிநாட்டுக்குப் போய் நாலு பேரும் ஒரு மேசையில இருந்து முதலீட்டாளரைக் கூப்பிடுறது லேசான வேலை. வீட்டுக்குள்ள ஒருத்தற்ற கம்பனியை ஒருத்தர் பறிக்காமல் இருக்கிறதுதான் கஷ்டம். அதை எழுத்தில போட்டதைத்தான் நான் பெரிசா மதிக்கிறன்.

மற்றவை உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ.

---

புல்வெளி

நல்ல தலைப்பு, வடலி அண்ணை. நான் சஸ்கட்டூனில் இருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கதையைச் சேர்க்கிறேன்.

டில்மாவில் சேரச் சொல்லி சஸ்காச்சுவானையும் கேட்டார்கள். 2007இல் இங்கே சட்டசபைக் குழு பொது விசாரணை நடத்தியது. தொழிற்சங்கங்களும் நகரசபைகளும் கடுமையாக எதிர்த்தன. எதிர்ப்புக்குக் காரணம் இருந்தது. இந்த மாகாணத்தில் தொலைபேசி, மின்சாரம், எரிவாயு, வாகனக் காப்புறுதி எல்லாமே மாகாண அரசின் கூட்டுத்தாபனங்களிடம் இருக்கின்றன. தனியார் கம்பனியொன்று "இது முதலீட்டுக்குத் தடை" என்று முறைப்பாடு செய்தால் அவற்றின் கதி என்ன என்று மக்கள் பயந்தார்கள். அப்போதிருந்த புதிய ஜனநாயகக் கட்சி அரசு சேரவில்லை. அதே ஆண்டு ஆட்சிக்கு வந்த பிராட் வாலின் அரசும் டில்மாவில் கையெழுத்திடவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, புதிதாக எழுதிய உடன்படிக்கையில்தான் அவர் கையெழுத்து வைத்தார்.

பிறகு ஏன் சேர்ந்தார்கள் என்று கேட்டால், வரைபடத்தைப் பார்த்தாலே விளங்கும். சஸ்காச்சுவானுக்குக் கடல் இல்லை. எங்கள் பொட்டாஷும் (உரத்துக்கான உப்பு) கோதுமையும் கனோலாவும் ஆசியாவுக்குப் போவதென்றால் பெரும்பாலும் ரயிலேறி பி.சி.யின் துறைமுகங்களான வன்கூவருக்கோ பிரின்ஸ் ரூபர்ட்டுக்கோ போகவேண்டும். பிரின்ஸ் ரூபர்ட்டில் கொள்கலன் முனையம் 2007இல் திறந்தது. ஒரு யப்பானியக் கம்பனி சஸ்காச்சுவானில் பணம் போடுமுன், அந்தப் பொருள் கப்பலேறும் வழி தடையில்லாமல் இருக்குமா என்றுதான் பார்க்கும். அந்த வழி பி.சி.யின் கையில். அதனால்தான் 2010 மே மாதம் மூன்று முதல்வர்களும் (காம்பெல், எட் ஸ்டெல்மாக், வால்) ஒன்றாகச் சீனாவுக்கும் யப்பானுக்கும் போனார்கள். தனித்தனியாகப் போயிருந்தால் மூவரும் ஒரே பொருளின் மூன்று துண்டுகளை விற்றிருப்பார்கள்.

---

நெடுஞ்சாலைக்காரன்

நான் வின்னிபெக்கில இருந்து வன்கூவர் வரைக்கும் ட்ரக் ஓடுறனான். கடதாசியில இருக்கிற ஒப்பந்தத்தை றோட்டில பார்க்கிற ஆள்.

சாதாரண சுமைக்கு இப்ப பெரிய கரைச்சல் இல்லை. அளவு மிஞ்சின சுமை எண்டால் இன்னும் மாகாணத்துக்கு மாகாணம் வேற வேற அனுமதி எடுக்கவேணும், ஓடக்கூடிய நேரமும் வேற வேற. பனி உருகிற காலத்தில பாரக் கட்டுப்பாடு எங்க எப்ப தொடங்கும், எப்ப முடியும் எண்டதும் ஒவ்வொரு இடத்திலயும் ஒவ்வொரு மாதிரி. புதுசா ஆலை போடுறவன் தன்ர இயந்திரத்தை வன்கூவர் துறைமுகத்தில இறக்கி அல்பேர்ட்டாவின்ர எட்மன்டனுக்கோ சஸ்காச்சுவானின்ர றெஜைனாவுக்கோ கொண்டுபோகத்தானே வேணும்? அந்தச் செலவு அவனுக்கு முதல்நாளே தெரிஞ்சுபோம்.

மற்றது, 2017 டிசம்பரில நடந்த நம்பர்பிளேட் பிரச்சினை. சஸ்காச்சுவான் அரசு தன்ர நெடுஞ்சாலைக் கட்டுமான இடங்களுக்கு அல்பேர்ட்டா நம்பர்பிளேட் பூட்டின வாகனங்கள் வரக்கூடாது எண்டு சொல்லிப்போட்டுது. ஒரே கூட்டாண்மைக்குள்ள இருக்கிற ரெண்டு மாகாணம்! எங்கட தொழிலில இருக்கிற ஆக்கள் வாகனத்தை எங்க பதியிறதெண்டு தெரியாமல் முழிச்சவை. அல்பேர்ட்டா உடன்படிக்கையில இருக்கிற பிணக்குத் தீர்க்கிற வழியில முறைப்பாடு குடுத்தது. அடுத்த மாதமே சஸ்காச்சுவான் அதைக் கைவிட்டிட்டுது. உடன்படிக்கை இல்லாட்டி அது ஆண்டுக்கணக்கா இழுபட்டிருக்கும் எண்டுதான் நான் நினைக்கிறன்.

---

கொங்குநாடன்

எட்மன்டனிலிருந்து எழுதுகிறேன், ஊர் கோயம்புத்தூர். எல்லோரும் நல்லபடியாகச் சொல்கிறீர்கள். எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து இருக்கிறது.

வடலி அண்ணா சொன்ன "இழுக்கக்கூடாது" பிரிவு மானியத்தைத்தான் தடுக்கிறது. வரி விகிதத்தைத் தொடவில்லை. உண்மையான போட்டி அங்கேதான் நடக்கிறது. அல்பேர்ட்டாவில் நிறுவன வருமான வரியின் பொது விகிதம் 2019 நடுப்பகுதி வரை 12 சதவீதமாக இருந்தது. 2020 ஜூலை 1இல் 8 சதவீதத்துக்கு இறக்கிவிட்டார்கள். பி.சி., சஸ்காச்சுவான், மனிடோபா மூன்றும் 12 சதவீதத்தில் நிற்கின்றன. விற்பனை வரியைப் பாருங்கள்: பி.சி. 7, சஸ்காச்சுவான் 6, மனிடோபா 7, அல்பேர்ட்டாவில் மாகாண விற்பனை வரியே கிடையாது.

பக்கத்து மாகாணத்திலிருந்து ஒரு நிறுவனத்தை இழுக்கப் பத்து லட்சம் டாலர் மானியம் கொடுத்தால் உடன்படிக்கை மீறல். எல்லா நிறுவனங்களுக்கும் வரியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் அது கொள்கை. தலைமை அலுவலகத்தை எங்கே வைப்பது என்று யோசிக்கிற முதலாளிக்கு இரண்டும் பணம்தான். அல்பேர்ட்டா இப்படிக் குறைக்க முடிவதற்குக் காரணம் எண்ணெய், எரிவாயு உரிமைக் கட்டணம் (அவற்றை எடுக்கிற நிறுவனங்கள் அரசுக்குக் கட்டுவது) வருவது. மனிடோபாவுக்கு அது அந்த அளவுக்கு வருவதில்லை, மருத்துவமனை நடத்தவேண்டிய செலவு மட்டும் அதே மாதிரி இருக்கிறது. இந்தச் சமனின்மை இருக்கும்வரை "ஒரே சந்தை" என்று சொல்லும்போது எனக்கு முழு நம்பிக்கை வருவதில்லை.

---

கல்கரி வடலி

கொங்குநாடன், வரி விசயத்தில நீங்கள் சொல்லுறது சரி. அந்த உடன்படிக்கை வரியை வெளியில விட்டுத்தான் எழுதினது. எந்த மாகாணமும் தன்ர வரி அதிகாரத்தை இன்னொரு மாகாணத்தின்ர சம்மதத்துக்குக் கட்டிவைக்காது. கூட்டாட்சியில அது நடக்கிற காரியமில்லை.

ஆனா எல்லாருக்கும் பொதுவான வரிக்குறைப்பும் ஒரு கம்பனியைப் பார்த்து நீட்டுற காசும் ஒண்டில்லை. வரியைக் குறைச்சால் ஏற்கெனவே அங்க இருக்கிற சின்னக் கம்பனிக்காரனுக்கும் அந்தப் பொது விதி தெரியும், வாக்காளனுக்கும் தெரியும், வரவுசெலவுத் திட்டத்தில பகிரங்கமா இருக்கும். தனிக் கம்பனிக்குக் குடுக்கிற காசு மூடின அறைக்குள்ள பேசி முடிக்கிறது. குடுத்த அரசு பிறகு அந்தக் கம்பனிக்கு அடிமை. "இன்னும் தராட்டிப் போயிடுவன்" எண்டு ஐஞ்சு வருசத்துக்கு ஒருக்கா மிரட்டும்.

2017 பெப்ரவரியில என்ன நடந்தது எண்டு ஞாபகம் இருக்கோ? எண்ணெய் விலை விழுந்து கல்கரி நகரமத்தியில அலுவலகக் கட்டிடங்கள் காலியாக் கிடந்த நேரம். சஸ்காச்சுவான் அரசு கல்கரியில தலைமையகம் வைச்சிருந்த எண்ணெய்க் கம்பனியளுக்குக் கடிதம் எழுதிச்சுது: இங்கால வாருங்கோ, இடம்மாறுற செலவுக்கு உதவி செய்யலாம், பாவிக்காமல் கிடக்கிற அரசாங்கக் கட்டிடங்கள் இருக்கு, வரி, உரிமைக் கட்டணப் பக்கமும் பார்க்கலாம் எண்டு. அல்பேர்ட்டா அரசு உடனே "இது உடன்படிக்கைக்கு எதிர்" எண்டு எழும்பிச்சுது. நான் அப்ப கல்கரியில வேலை இல்லாமல் நிண்ட பொறியியலாளர் கனபேரைப் பார்த்தனான். அவையின்ர வேலையைக் காசுகுடுத்து றெஜைனாவுக்கு மாத்தினால் கனடாவுக்கு ஒரு புது வேலைகூட வரப்போறதில்லை. இருக்கிற கதிரை ஒண்டு இடம் மாறுது, அதுக்கு வரி கட்டுற சனம் காசு குடுக்குது, அவ்வளவுதான். இந்த மாதிரி நேரத்தில "இது பிழை" எண்டு சுட்டிக்காட்ட ஒரு எழுத்து இருந்ததே பெரிய காரியம்.

---

புல்வெளி

வடலி அண்ணை, எங்கள் மாகாணம் செய்தது பிழைதான், நான் மறுக்கவில்லை. அல்பேர்ட்டா செய்ததையும் சொல்லவேண்டும்.

2016இல் அல்பேர்ட்டா அரசு பியருக்கு லீற்றருக்கு 1.25 டொலர் என்று எல்லா வடிசாலைகளுக்கும் ஒரே மேலதிகக் கட்டணம் விதித்தது. பார்த்தால் எல்லோருக்கும் சமம். ஆனால் அல்பேர்ட்டாவின் சிறு வடிசாலைகளுக்கு மட்டும் அதை மானியமாகத் திருப்பிக் கொடுத்தது. எங்கள் ஊர் வடிசாலை கிரேட் வெஸ்டர்ன் அல்பேர்ட்டாச் சந்தையை நம்பியிருந்தது. அவர்களும் ரொறன்ரோவின் ஸ்டீம் விசிலும் வழக்குப் போட்டு 2018இல் வென்றார்கள். அல்பேர்ட்டா நீதிமன்றமே அந்த ஏற்பாடு அரசமைப்புக்கு முரண் என்று சொல்லி, காசைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது.

அதே 2018 பெப்ரவரியில்தான் வைன் சண்டையும். அல்பேர்ட்டாவிலிருந்து பி.சி. கடற்கரைக்குப் போகும் டிரான்ஸ் மவுண்டன் எண்ணெய்க் குழாயின் விரிவாக்கத்தைப் பி.சி. தடுக்கிறது என்று கோபித்து, அல்பேர்ட்டா முதல்வர் ரேச்சல் நொட்லி பி.சி. வைனை வாங்குவதை நிறுத்தினார். பெப்ரவரி 6இல் தொடங்கி 22இல் விலக்கிக்கொண்டார். எண்ணெய்க் குழாயோடு எந்தத் தொடர்புமில்லாத ஒக்கனகன் பள்ளத்தாக்கின் சிறிய திராட்சைத் தோட்டக்காரர்கள் அடி வாங்கினார்கள். அந்தக் குழாயை 2018இல் மத்திய அரசு 450 கோடி டொலருக்கு வாங்கவேண்டி வந்தது. விரிவாக்கிய குழாய் 2024 மே மாதம்தான் ஓடத் தொடங்கியது. ஒரே கூட்டாண்மையில் கையெழுத்திட்ட இரண்டு மாகாணங்கள் ஒரு குழாயில் உடன்பட முடியாமல் நின்ற அந்த ஆண்டுகளை வெளிநாட்டு முதலீட்டாளர் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். முதலீட்டாளர் பயப்படுவது அதிக வரியைவிட, நாளைக்கு என்ன விதி இருக்கும் என்று தெரியாத நிலைக்குத்தான்.

---

தேன்சிட்டு

அண்ணைமார் எல்லாரும் பெரிய கம்பனி, எண்ணெய், குழாய் எண்டு கதைக்கிறியள். நான் ஸ்காபரோவில மிளகாய்த்தூள், அரிசிமா, மிக்சர் செய்து பைகளில அடைச்சுக் கடைகளுக்குப் போடுற சின்ன ஆள். கல்கரி, எட்மன்டன், பி.சி.யின்ர சறே கடைகளில இருந்து கேட்கினம். இங்க இருந்து லொறியில அனுப்புறதிலும் பார்க்க அங்க ஒரு சின்ன அடைக்கிற இடம் போடுவமோ எண்டு யோசிக்கிறன். இந்த உடன்படிக்கை எனக்கு ஏதும் உதவுமோ? ஒன்ராறியோ இதில இல்லைத்தானே?

---

கல்கரி வடலி

தங்கச்சி, ஒன்ராறியோ அதில இல்லை. ஆனா அல்பேர்ட்டாவில தனியா ஒரு கம்பனியைக் கூட்டிணைச்சு, அங்க உண்மையாத் தொழில் நடத்தினால் அது அல்பேர்ட்டாக் கம்பனி. பி.சி.க்கும் சஸ்காச்சுவானுக்கும் விரியேக்க அந்தப் பதிவுச் சலுகை வரும். ஒன்ராறியோக் கம்பனியின்ர கிளையா மட்டும் பதிஞ்சால் நிலைமை வேற. இதை ஒரு கணக்காளரோட இருந்து பார்த்துச் செய்யுங்கோ.

இதைவிட முக்கியமானது ஒண்டு இருக்கு. சாப்பாட்டுச் சாமானில இந்த மாகாண உடன்படிக்கை உங்களுக்குக் கதவு திறக்காது. 2019 ஜனவரி 15இல இருந்து நடைமுறையில இருக்கிற மத்திய அரசின்ர பாதுகாப்பான உணவு ஒழுங்குவிதிகளின்படி, மாகாண எல்லை கடந்து விக்கிற உணவைத் தயாரிக்க, பதப்படுத்த, பையில அடைச்சு லேபல் ஒட்ட மத்திய உணவுப் பரிசோதனை முகவரகத்தின்ர உரிமம் வேணும். மாகாண அல்லது நகரசபைச் சுகாதாரப் பரிசோதனை மட்டும் காணாது. நீங்கள் இப்ப ஸ்காபரோவில இருந்து கல்கரிக்கு அனுப்பினாலும் இதே விதிதான். உங்களிட்ட அந்த உரிமம் இருக்கோ?

---

தேன்சிட்டு

இல்லை அண்ணை, இப்ப ஒன்ராறியோவுக்குள்ள மட்டும்தான் போடுறன். அப்ப முதலில அதை எடுக்கவேணும். சொன்னதுக்குப் பெரிய நன்றி.

---

புல்வெளி

தேன்சிட்டு அக்கா கேட்டதால் லொயிட்மின்ஸ்ரர் நகரத்தைப் பற்றி எழுதியே ஆகவேண்டும். இந்த இழையில் பேசும் எல்லாவற்றையும் ஒரே தெருவில் நின்று பார்க்கக்கூடிய இடம் அது.

1903இல் பிரித்தானியக் குடியேறிகள் அமைத்த ஊர். 1905இல் அல்பேர்ட்டா, சஸ்காச்சுவான் இரண்டையும் மாகாணங்களாகப் பிரித்தபோது எல்லைக்கோட்டை மேற்கு 110 பாகை நெட்டாங்கில் போட்டார்கள். அது ஊருக்கு நடுவால் போனது. கால் நூற்றாண்டு இரண்டு நகரசபை, இரண்டு செலவு. 1930இல் இரண்டு மாகாணங்களும் சேர்ந்து அதை ஒரே நகரசபையாக ஆக்கின. இன்று அங்கே முப்பதினாயிரத்துச் சொச்சம் பேர், இரண்டு மாகாணச் சட்டசபைகளும் ஏற்றுக்கொண்ட தனிச் சாசனம். சஸ்காச்சுவானில் மற்ற இடங்களில் கோடைகாலத்துக்கு மணிக்கூட்டை மாற்றுவதில்லை, ஆனால் லொயிட்மின்ஸ்ரரின் கிழக்குப் பாதியும் அல்பேர்ட்டா நேரத்திலேயே ஓடுகிறது.

முதலீட்டுக்கு இது என்ன சொல்கிறது? சஸ்காச்சுவான் இந்த நகரத்தில் மட்டும் தன் பக்கத்துக் கடைகளில் வாங்கும் பொருட்களுக்கு மாகாண விற்பனை வரி அறவிடுவதில்லை. அறவிட்டால் ஒருவரும் அந்தப் பக்கம் கடை போடமாட்டார்கள், தெருவைக் கடந்தால் அல்பேர்ட்டா. அதாவது கொங்குநாடன் சொன்ன வரிப் பிரச்சினையை ஒரு நகரத்தில் தீர்த்துவைத்திருக்கிறார்கள். மாகாண அரசு தன் வருமானத்தின் ஒரு துண்டை விட்டுக்கொடுத்துத்தான் தீர்த்தது. வேறு வழியால் அது தீர்ந்திருக்காது.

அப்படியிருந்தும் உணவு விதி விடவில்லை. நகரத்தின் ஒரு பக்கத்து இறைச்சிக்கடைக்காரர் மத்திய உரிமம் இல்லாமல் மறுபக்கத்து உணவகத்துக்கு இறைச்சி விற்க முடியாமல் இருந்தது, இடையில் இருப்பது ஒரு தெருதான். அண்மைக் காலத்தில்தான் மத்திய அரசு இந்த நகரத்துக்கென்று விலக்குக் கொடுத்தது. ஒரு தெருவுக்கு இவ்வளவு பாடென்றால் நாலு மாகாணத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

---

நெடுஞ்சாலைக்காரன்

லொயிட்மின்ஸ்ரரில நான் டீசல் அடிக்கிறனான், ஆனா இந்தக் கதை இண்டைக்குத்தான் முழுசா விளங்குது. நன்றி புல்வெளி.

---

கொங்குநாடன்

லாய்ட்மின்ஸ்டர் விவரம் அருமை. வரியை விட்டுக்கொடுத்தால்தான் தீரும் என்பதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

வடலி அண்ணா சொன்ன மானிய விஷயத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒன்டாரியோவைப் பார்த்தால் தெரிகிறது. 2023இல் செயின்ட் தாமஸில் வோக்ஸ்வேகன் பேட்டரி ஆலைக்கு 1,320 கோடி டாலர் வரை உற்பத்தி மானியம் என்று மத்திய அரசு அறிவித்தது. உடனே வின்ட்சரில் கட்டிக்கொண்டிருந்த ஸ்டெலாண்டிஸ், எல்ஜி கூட்டு ஆலை வேலையை நிறுத்திவிட்டு "எங்களுக்கும் அதே மாதிரி" என்றது. கடைசியில் 1,500 கோடி டாலர் வரை, அதில் மூன்றில் ஒரு பங்கு ஒன்டாரியோவின் தலையில். அமெரிக்கா தருகிற மானியத்துக்கு ஈடுகட்டத்தான் என்று காரணம் சொன்னார்கள். இதில் கவனியுங்கள், மேற்கு உடன்படிக்கையும் அந்த வாசலைத் திறந்துதான் வைத்திருக்கிறது: கூட்டாண்மைக்கு வெளியே இருக்கிற அரசு மானியம் கொடுத்தால் அதை ஈடுகட்ட உறுப்பு மாகாணமும் கொடுக்கலாம். பெரிய முதலீடு வரும்போது டெக்சாஸோ ஒஹாயோவோ எப்போதும் மறுபக்கத்தில் இருக்கும். அப்படியானால் தடை எப்போது பொருந்தும்?

---

கல்கரி வடலி

நல்ல கேள்வி. பெரிய சர்வதேச ஆலையளுக்கு அந்தத் தடை அவ்வளவா வேலை செய்யாது எண்டுதான் நானும் நினைக்கிறன். அது காப்பாத்திறது நடுத்தரக் கம்பனியளை: ஏற்கெனவே கனடாவில இருக்கிற, எல்லை தாண்டி அமெரிக்கா போகாத, ஆனா பக்கத்து மாகாணத்துக்குப் போகக்கூடிய கம்பனி. மேற்கில அந்தமாதிரிக் கம்பனியளில வேலை செய்யிறவை கனபேர். அதால எனக்கு அது சின்ன விசயமில்லை.

2025இல அமெரிக்கத் தீர்வை வந்தபிறகு முழு நாடும் மேற்கின்ர வழிக்குத் திரும்பியிருக்கு. நோவா ஸ்கோஷியா முதலில சட்டம் கொண்டுவந்தது: எங்கட பொருளை நீ ஏற்றுக்கொண்டால் உன்ர பொருளை நாங்கள் ஏற்றுக்கொள்ளுறம் எண்டு. ஜூனில ஒன்ராறியோவும் மத்திய அரசும் தங்கட சட்டங்களை நிறைவேற்றினதுகள். ஜூலை 7 ஒன்ராறியோ முதல்வர் டக் ஃபோர்ட் கல்கரிக்கு வந்து அல்பேர்ட்டா முதல்வர் டானியல் ஸ்மித்தோட புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்து வைச்சவர், உள்நாட்டு வணிகத்துக்கு ஒண்டு, குழாய், ரயில் பாதைக்கு ஒண்டு. பன்னாட்டு நாணய நிதியத்தின்ர 2019 ஆய்வொண்டு மாகாணங்களுக்கிடையில பொருட்களுக்கு இருக்கிற தடைகள் போனால் தலைக்குரிய உற்பத்தி 4 வீதமளவில கூடும் எண்டு மதிப்பிட்டது. அந்த ஆய்வை இப்ப கனபேர் மேற்கோள் காட்டினம்.

ஆனா ஒன்ராறியோவின்ர புரிந்துணர்வு ஒப்பந்தத்தை மீறினால் என்ன தண்டம்? மேற்கு உடன்படிக்கையில நடுவர் குழு 50 லட்சம் டொலர் வரைக்கும் கட்டச் சொல்லலாம், தனிக் கம்பனிகூட முறைப்பாடு செய்யலாம். தண்டம் எழுதாத ஒப்பந்தத்தை நம்பி நான் ஒரு கிட்டங்கிகூட வாடகைக்கு எடுக்கமாட்டன்.

---

தேன்சிட்டு

அண்ணை, மத்திய உரிமத்துக்கு இணையத்தில விண்ணப்பிக்கலாம் எண்டு பார்த்தன். தடுப்புக் கட்டுப்பாட்டுத் திட்டம் (உணவில ஆபத்து வராமல் தடுக்கிற வழியளைச் சொல்லுற திட்டம்) எழுதவேணும் எண்டு போட்டிருக்கு. சின்ன ஆக்களுக்கும் அது கட்டாயமோ?

---

கல்கரி வடலி

வருச விற்பனை 100,000 டொலர் அல்லது அதுக்குக் கீழ எண்டால் கனவகை உணவுக்கு அந்தத் திட்டத்தை எழுத்தில வைக்கவேணும் எண்ட கட்டாயம் இல்லை. ஆனா சுத்தம், ஒவ்வாமைப் பொருள், எங்க வாங்கினது யாருக்கு வித்தது எண்ட பதிவு எல்லாம் எல்லாருக்கும் பொருந்தும். மிக்சரில கடலை போடுறியள்தானே, லேபலில கவனம். கல்கரியில கிட்டங்கி பார்க்கேக்க வடகிழக்குப் பக்கம், விமான நிலையத்துக்குக் கிட்டப் பாருங்கோ, எட்மன்டன் றோட்டுக்கும் லேசு. தனிமடலில எழுதுங்கோ, இடம் பார்த்துத் தாறன்.